யாரோடு பொருந்துவது?

விஞ்ஞானம் நடுநிலையானது, நன்மையும் தீமையும் அதைக் கையாளும் மனிதரைச் சார்ந்தவை என்ற கருத்து நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவருகிறது. இதற்குக் கத்தியை உவமை காட்டுவது வழக்கம். காய் நறுக்கவும் கத்தி உதவும், கழுத்தை அறுக்கவும் உதவும். குற்றம் கத்தியினுடையதன்று என்பர். மேடைப் பேச்சுக்கு இவ்வுவமை போதும். ஆனால் ஒரு பொருளும் ஓர் உயிரும் ஒன்றையொன்று தொடும் இடத்திலே நின்று நோக்கினால் அது போதாது என்பது தெரியவரும். அத்தகைய ஓரிடத்தை வாசகருடன் சேர்ந்து சற்றே உற்று நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

அவ்விடம் பல்பகுதியத்தின் மேற்பரப்பு. சிறு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோக்கப்பட்டு உருவாகும் நெடிய மூலக்கூறே பல்பகுதியம் என்பதை நம் உயர்தர வகுப்பு மாணவர் அறிவர். மீனவரின் நைலோன் வலையும், கடைத்தெருவின் பொலித்தீன் பையும், மருதமுனைத் தறியில் ஓடும் பருத்தி நூலும் அவ்வினத்தைச் சேர்ந்தனவே. பருத்தி இயற்கை ஈந்தது. மற்றவை மனிதன் ஆக்கியவை. இத்தகைய பொருள்களின்மீது உயிருள்ள கலங்களை வளர்த்து, அவற்றைக் கொண்டு மருந்துகளைச் சோதிக்கும் நுண்கருவிகளை இன்று பல நாடுகளின் ஆய்வுகூடங்கள் உருவாக்குகின்றன. விரலளவு கருவி, உள்ளே மயிரிழை போன்ற வாய்க்கால்கள், அவற்றின் சுவரிலே மனிதக் கலங்கள். அக்கலங்கள் வாழ வேண்டுமாயின் சுவர் அவற்றுக்கு ஒத்துப்போக வேண்டும். இவ்வொத்துப்போதலையே உயிரிசைவு என்கின்றனர்.

இசைவு என்றால் என்ன? இது இரசாயனவியலின் கேள்விபோலத் தோன்றும். ஆனால் அதைத் தொடர்ந்து செல்வோர் அறவியலின் வாசலிலேதான் போய் நிற்பர்.

இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானிகள் சிலரின் கண்களுள், குண்டுபட்டுச் சிதறிய விமானக் கூண்டின் துணுக்குகள் பாய்ந்தன. கூண்டு பெர்ஸ்பெக்ஸ் எனப்படும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கால் ஆனது. அத்துணுக்குகளைக் கண் பெரிதாக எதிர்க்கவில்லை என்பதை ஹரோல்ட் ரிட்லி என்னும் கண் வைத்தியர் கவனித்தார். 1949 நவம்பர் 29 ஆம் நாள் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில், கண்புரை நீக்கப்பட்ட ஒருவரின் கண்ணுள் அதே பொருளாலான செயற்கை வில்லையைப் பொருத்தினார். அவருடைய துறையின் பெரியவர்கள் அவரைக் கடுமையாகக் கண்டித்தனர். அந்நியப் பொருளை உடலிலிருந்து அகற்றுவதே வைத்தியம் என்றிருந்த காலத்தில், அந்நியப் பொருளை உள்ளே வைத்தவர் அவர். இன்று ஆண்டுதோறும் கோடிக்கணக்கானோர் அவ்வழியிலே பார்வை பெறுகின்றனர்.

இத்தகைய அனுபவங்களிலிருந்து ஒரு முடிவு எழுந்தது. நல்ல பொருள் என்பது எதுவும் செய்யாத பொருள். நச்சுத்தன்மை இல்லாமல், கரையாமல், வினைபுரியாமல் சும்மா கிடப்பதே இசைவு என்பது அம்முடிவு. பல ஆண்டுகள் அதுவே இலக்கணமாக இருந்தது. பின்னர் அதன் போதாமை வெளிப்பட்டது. சும்மா கிடக்கும் பொருளை உடல் பல வேளைகளில் ஏற்றுக்கொள்வதுமில்லை, வெளியே தள்ளுவதுமில்லை. அதைச் சுற்றி நார் இழையத்தால் ஓர் உறை கட்டி ஒதுக்கிவிடுகிறது. பொருள் உள்ளே இருக்கும். உடலோடு அதற்கு எவ்வித உறவும் இராது. எலும்போடு இணைய வேண்டிய பொருளுக்கும், குருதியில் ஓடும் வெல்லத்தை அளக்க வேண்டிய கருவிக்கும் இது வெற்றியாகுமா? ஆகாது. எனவே 1980களில் இலக்கணம் மாறிற்று. குறித்த ஒரு பணியில், குறித்த ஓர் உடலிடமிருந்து தகுந்த எதிர்வினையைப் பெற்றுத் தன் வேலையைச் செய்யும் ஆற்றலே இசைவு என்று உயிர்ப்பொருளியலார் வரையறுத்தனர். முன்பு இசைவு பொருளின் குணமாக இருந்தது. இப்போது அது பொருளுக்கும் உயிருக்கும் இடையிலான உறவாயிற்று.

நம் கிழக்கு மாகாணத்தில் வாழ்வோருக்கு அந்த நார் உறை அறிமுகமில்லாத காட்சியன்று. அடுத்தடுத்த ஊர்களில் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருவரையொருவர் தாக்காதிருக்கும் காலத்துக்கு நல்லிணக்கம் என்று பெயரிட்டு நாம் மனநிறைவு கொள்கிறோம். தாக்காதிருத்தல் பெரிய காரியந்தான். அதை இழந்த ஆண்டுகளை அறிந்தவர் அதை இழிவாகப் பேசமாட்டார். எனினும் வேலிக்கு அப்பால் இருப்பவரின் நோயும் விளைச்சலும் நமக்குத் தெரியாதென்றால், அங்கே இருப்பது உறை. உறவு இன்னும் தொடங்கவில்லை. எதிர்ப்பின்மையை இசைவென எண்ணிய பிழை ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரியதன்று.

உறவு எவ்வாறு உண்டாகிறது என்பதையும் அம்மேற்பரப்பே காட்டுகிறது. கடல்நீரில் பல நாள் கிடந்த நைலோன் கயிற்றை இழுத்துப் பார்த்தால் பாசியும் சிப்பியும் பற்றியிருக்கும். அவை நேரே நைலோனைப் பற்றவில்லை. கயிறு நீரில் விழுந்தவுடனேயே கண்ணுக்குத் தெரியாத சேதனப் பொருள்கள் அதன்மீது மென்படலமாகப் படிகின்றன. நுண்ணுயிர்கள் அப்படலத்தில் குடியேறுகின்றன. பிறகே மற்றவை வருகின்றன. குருதியைத் தொட்ட பிளாஸ்டிக்கிலும் இதுவே நிகழ்கிறது. சில நொடிகளுள் குருதிப் புரதங்கள் அதன் மேற்பரப்பை மூடிவிடுகின்றன. முதலில் எளிதில் நகரும் புரதங்கள் வந்து படிகின்றன. பிறகு வலிய பற்றுடையவை வந்து அவற்றைப் பெயர்த்து இடம் பிடிக்கின்றன. கலம் வந்து சேரும்போது அது சந்திப்பது இப்புரதப் போர்வையையே. பிளாஸ்டிக்கின் குணம் அப்போர்வை எவ்வாறு அமைகிறது என்பதன் வழியாகவே கலத்துக்குத் தெரிகிறது.

இவ்விடமாற்றத்தை ஆராய்ந்து கூறியவர் லியோ வ்ரோமன். அது இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒல்லாந்தரான அவர் இரண்டாம் உலகப் போரில் யப்பானியரின் சிறைமுகாம்களில் கைதியாகக் கிடந்தவர். தம் மொழியின் புகழ்பெற்ற கவிஞர்களுள் ஒருவர். 2014 இல் மறைந்தார். இரசாயனத்துக்கும் கவிதைக்கும் இடையே சுவர் எழுப்பிப் பாடத்திட்டம் வகுக்கும் நாம் இவரை நினைத்துப் பார்ப்பது நன்று.

இப்போர்வையை விளக்க நம் ஊர் வழக்கு ஒன்று கைகொடுக்கும். கல்முனை முதலான இக்கரையோர ஊர்களில், மணமானபின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வாழ வருவதே மரபு. வருபவன் அவ்வீட்டுக்கு அந்நியன். ஆனால் வீடு அவனைத் தனியனாக எதிர்கொள்வதில்லை. மாமியும் மச்சான்மாரும் பெண்ணின் குடியைச் சேர்ந்தோரும் அவனைச் சூழ்ந்துகொள்கின்றனர்; ‘மருமகன்’, ‘மச்சான்’ என்ற முறைப்பெயர்கள் அவன்மீது படிகின்றன. அவ்வீடு ஏற்பது அம்முறைகள் போர்த்தப்பட்ட மனிதனை. அவன் கற்சிலைபோல் உணர்ச்சியற்றிருப்பதால் பொருந்திவிடுவதில்லை. கொடுக்கல் வாங்கல், பேச்சு, சிறு பிணக்குகள் வழியாகவே பொருந்துகிறான். அதேவேளை, இப்பொருத்தத்துக்கு ஒரு விலையும் உண்டு. வீடு கட்டிக் கொடுப்பது பெண்ணைப் பெற்றவரின் தலைமேல் விழுகிறது. பொருத்தத்தைப் புகழ்வோர் அதன் செலவைச் சுமந்தவரைப் பெரும்பாலும் பேசுவதில்லை. இதனையும் நினைவில் வைத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குத் திரும்புவோம்.

கலம் வளர்க்கும் தட்டுகள் பொதுவாகப் பொலிஸ்ரைரீனால் ஆனவை. இயல்பான பொலிஸ்ரைரீன் நீரை விரும்பாதது. சேம்பிலையில் நீர்போல அதன்மீது துளி உருண்டு நிற்கும். கலங்கள் சரிவர ஒட்டா. மின்னிறக்கத்தால் அதன் மேற்பரப்பில் ஒட்சிசன் கொண்ட கூட்டங்களைச் சேர்த்தால், அதே தட்டில் கலங்கள் கால் ஊன்றிப் பரவுகின்றன. தட்டின் உட்பொருள் மாறவில்லை; மேலுள்ள மெல்லிய படை மாறிற்று, உறவே மாறிற்று. சென்னை சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வேறொரு வகைப் பல்பகுதியத்தைக் கையாண்டனர். குளிரில் நீர்மமாகவும் உடற்சூட்டில் கூழாகவும் நிற்கும் அதனுள், கருவிழியின் விளிம்புக் கலங்களை வளர்த்து முயல்களின் கண்ணில் பொருத்திக் கிடைத்த முடிவுகளை 2009 இல் வெளியிட்டனர். வேண்டும்போது பற்றி, வேண்டாதபோது விட்டுவிடும் பொருள் அது. பிடித்துவைத்தல் மட்டும் தாங்குதல் ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

2010 இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வீஸ் நிறுவனத்தில் டொன்ஹன் ஹா, டொனால்ட் இங்பர் முதலியோர் நுரையீரலின் ஒரு சிறு கூற்றைச் சில்லில் அமைத்துக் காட்டினர். நுண்துளைகள் கொண்ட மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் நுரையீரற் கலங்கள். மறுபக்கம் குருதிக்குழாய்க் கலங்கள். இரு புறமும் காற்றை உறிஞ்சிச் சவ்வை இழுத்து இழுத்து விட, அது மூச்சுவிடுவதுபோல் விரிந்து சுருங்கிற்று. பின்னர் சிறுநீரகம், ஈரல், குடல் ஆகியவற்றுக்கும் சில்லுகள் தோன்றின. புதிய மருந்துகளை விலங்குகளிற் சோதித்தே தீரவேண்டும் என்ற விதியை அமெரிக்கா 2022 டிசெம்பரில் தளர்த்தியது. இந்தியாவும் 2023 இல் தன் விதிகளைத் திருத்தி இத்தகைய கருவிகளுக்கு இடமளித்தது. எண்ணற்ற விலங்குகளின் துன்பம் குறையுமாயின், அதை வரவேற்காதவர் யார்?

ஆயினும் இச்சில்லுகளிற் பெரும்பாலானவை சிலிக்கோன் இறப்பர் வகை ஒன்றால் ஆக்கப்படுகின்றன. அது ஒளி புகவிடும், காற்றும் புகவிடும், வார்ப்பது எளிது, கலங்களைக் கொல்லாது. பழைய இலக்கணப்படி முழு இசைவுடைய பொருள். ஆனால் எண்ணெய்ப் பற்றுடைய சிறு மூலக்கூறுகளை அது தனக்குள் உறிஞ்சிக்கொள்கிறது. மருந்துகளிற் பல அவ்வகையின. சோதனைக்கு விட்ட மருந்தில் ஒரு பகுதி சுவருக்குள் மறைந்துபோக, எஞ்சியதே கலத்தைச் சேர்கிறது. கலம் நலமாக இருப்பதைக் கண்டு ‘இம்மருந்து தீங்கற்றது’ என்று ஆய்வாளர் எழுதினால், அத்தீர்ப்பு பொய்யாகும். சாட்சி கூண்டில் நிற்பவனே தடயத்தை விழுங்கிவிட்டான்! இதை அறிந்த ஆய்வாளர்கள் சுவருக்குப் பூச்சுப் பூசுகின்றனர். உறிஞ்சாத வேறு பொருள்களைத் தேடுகின்றனர். அமைதியாக இருப்பதெல்லாம் நடுநிலையானது என்று நம்பக்கூடாது என்பதை அவர்கள் செலவு செய்து கற்ற பாடமாகக் கொள்ளலாம். கத்தி உவமை இங்கே முறிந்துவிடுகிறது. கையாள்பவன் நல்லவனாயிருந்தும், கருவி தன் பங்குக்கு உண்மையை மாற்றுகிறது.

இதுவரை ‘எந்தப் பொருளோடு?’ என்ற கேள்வியைக் கேட்டோம். ‘எவருடைய கலம்?’ என்பது அடுத்த கேள்வி. 1951 இல் பால்ற்றிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலைக்கு ஹென்றியேற்றா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண் வந்தார். புகையிலைத் தோட்டங்களிற் பாடுபட்ட குடும்பம். ஐந்து பிள்ளைகளின் தாய். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயால் அதே ஆண்டு ஒக்டோபர் 4 ஆம் நாள் தமது 31 ஆம் வயதில் இறந்தார். அவரைக் கேளாமல் எடுக்கப்பட்ட கலங்கள் ஆய்வுகூடத்தில் சாகாமற் பெருகின. இளம்பிள்ளைவாதத் தடுப்பூசியின் சோதனை முதல் எத்தனையோ ஆய்வுகள் அவற்றின்மீது நடந்தன. முதலில் இலவசமாகப் பகிரப்பட்ட அவை பின்னர் விற்பனைப் பண்டமாயின. குடும்பத்தார்க்கு இது தெரியவந்ததோ இருபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு. அக்கலங்களால் வருவாய் ஈட்டிய ஒரு பெருநிறுவனம் 2023 இல்தான் அவருடைய வாரிசுகளோடு இணக்கத்துக்கு வந்தது. அக்கலங்கள் தட்டில் நன்றாக ஒட்டின, நன்றாக வளர்ந்தன. ஆய்வுகூடக் கணக்கில் எல்லாம் பொருத்தமே. மாப்பிள்ளை வீட்டுக் கணக்கைப்போலவே, செலவைச் சுமந்தவரின் பெயர் மட்டும் அதில் இல்லை.

ஒவ்வொரு கலத்துக்கும் உரிமை பேசத் தொடங்கினால் விஞ்ஞானம் முடங்கிவிடும் என்று இதற்கு மறுப்புக் கூறுவர். மறுப்பில் உண்மை உண்டு. கலத்தை நிலம்போல் வேலியிட்டு ஆளுக்காள் விலைபேசுவது தீர்வாகாது. அது சந்தையை இன்னும் பெருக்கவே செய்யும். எம் ஊர்களின் அன்றாட வழக்கிலே ‘அமானிதம்’ என்றொரு சொல் உண்டு. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள் அது. அதைப் பேணலாம், அதைக் கொடுத்தவரின் நோக்கத்துக்காகப் பயன்படுத்தலாம், தனதாக்கிக்கொள்ள முடியாது. கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும். இதற்குச் சாட்சிப் பத்திரம் இல்லாவிடினும் அமானிதத்தை மோசம் செய்தவனை ஊர் மன்னிப்பதில்லை. உடலிலிருந்து எடுத்த கலத்தை அமானிதமாகக் கொள்வோமாயின் ஆய்வு நிற்காது. கேட்டுப் பெறவேண்டும், கண்டதைச் சொல்லவேண்டும், பயனைத் திருப்பவேண்டும் என்ற மூன்று கடமைகள் மட்டும் அதனோடு கூடும். இம்மூன்றாலும் முடங்கிப்போகும் விஞ்ஞானம் எதுவோ, அது முடங்குவதே நல்லது.

மூன்றாவது கேள்வி ‘எவருக்காக?’ என்பது. 1990களிலிருந்து இலங்கையின் வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவிவருகிறது. எமது அம்பாறை மாவட்டத்தின் உட்பகுதியான தெஹியத்தகண்டியவும் அதற்குத் தப்பவில்லை. நிலத்தடி நீரின் தன்மை, வேளாண் இரசாயனங்கள், வெயிலில் உடல்நீர் வற்றுதல் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டும் இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. 2013 இல் அமெரிக்காவில் சிறுநீரக நுண்குழாயின் மனிதக் கலங்களைச் சில்லில் வளர்த்து, ஒரு புற்றுநோய் மருந்தின் நச்சுவிளைவைச் சோதித்தனர். நல்ல வேலை. ஆனால் அத்தகைய சில்லின் வாய்க்காலிலே பொலன்னறுவைக் கிணற்று நீர் என்று ஓடும்? வயலில் நாள்முழுதும் நின்றவரின் கலம் அதன் சுவரில் என்று வாழும்? விற்கக்கூடிய மருந்து கேட்கும் கேள்விக்கே கருவி முதலில் விடைதேடுகிறது. விற்பதற்கு ஏதுமில்லாத விவசாயி கேட்கும் கேள்வி வரிசையின் இறுதியில் நிற்கிறது.

‘சோற்றுக்கே வழியில்லாத நாட்டுக்குச் சில்லு எதற்கு?’ என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. முற்போக்கு என்ற பெயரிலே சொல்லப்படும் இவ்வாதத்தை நான் ஏற்பதற்கில்லை. ஏழைக்குப் பழைய விஞ்ஞானம் போதும் என்பது ஏழையை என்றும் பிறர் முடிவுகளை விழுங்குபவனாக வைத்திருக்கும் வாதம். மாற்றுவழி உண்டு என்பதற்கு மதுரை சான்று. வைத்தியர் வெங்கடசுவாமி 1976 இல் 11 கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் வைத்தியசாலை, இறக்குமதி வில்லையின் விலை ஏழைக்கு எட்டாததைக் கண்டு, 1992 இல் ஒரோலாப் என்ற தன் தொழிற்கூடத்தை நிறுவியது. ரிட்லி பொருத்திய அதே வகைப் பிளாஸ்டிக். ஏறக்குறைய 100 டொலர் விலைபெற்ற வில்லை 10 டொலர் அளவுக்கு இறங்கி, பின்னர் அதனினும் குறைந்தது. பொருள் கண்ணோடு பொருந்தும் என்பது 1949 இலேயே தெரியும். அது கூலிக்காரனின் கண்ணோடு பொருந்த மேலும் 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவ்விடைவெளி இரசாயனத்தின் குறையால் நேர்ந்ததன்று.

எம் நாட்டிலும் அத்தகைய முயற்சிக்கு முன்னோடி உண்டு. பேராசிரியர் சேனக பிபிலே 1971 இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை வழிநடத்தி, வணிகப் பெயர்களின் ஆரவாரத்தை நீக்கி, தேவையான மருந்துகளைப் பொதுப்பெயரில் மலிவாகக் கொள்வனவு செய்யும் முறையை நிறுவினார். 1977 இல் அவர் மறைந்தார். அவருடைய கொள்கையும் அதன்பின் தேய்ந்தது. 2022 நெருக்கடியில் மருந்தின்றி வைத்தியசாலைகள் தவித்தபோது, அவர் கூறியது ஒரு மருந்தகக் கணக்கு மட்டுமன்று என்பதை நாடு உணர்ந்தது.

நம் உயர்தர வகுப்புகளில் உயிரியலும் இரசாயனமும் தனித்தனி அறைகளில் நடக்கின்றன. அறவியலுக்கு அறையே இல்லை. சம்மாந்துறையில் அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடத்துக்கு இவ்வூர்ப் பிள்ளைகள் போகின்றனர். அவர்களுள் ஒருவர் நாளை ஒரு பல்பகுதியத் தகட்டைக் கையிலெடுத்து, கலங்கள் அதில் ஒட்டுமா என்று பார்க்கலாம். ஒட்டுகின்றன என்று கண்டதும் அவருடைய வேலை முடிந்துவிட்டதென நாம் கற்பித்திருந்தால், நாம் பாதி விஞ்ஞானத்தையே கற்பித்தவர்களாவோம். அக்கலம் எவருடையது, அவரைக் கேட்டோமா, விடை எவர் வீட்டுக்குப் போய்ச் சேரும் என்பவை ஆய்வு முடிந்தபின் கேட்கும் தருமக் கேள்விகள் அல்ல. பொருத்தம் என்பதே உறவாக இருக்கையில், அவை அளவீட்டின் உள்ளேயே அடங்கும் கேள்விகள். ஆசிரியர்கள் அவற்றைக் கரும்பலகையில் எழுதட்டும். மாணவர்கள் விடைத்தாளில் இடமில்லாவிட்டாலும் கேட்கட்டும்.